கமாண்ட் நீளமாப் போச்சா? அக்கா சொல்ற 6 டிப்ஸ்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில அகல் விளக்கு, பொம்மைன்னு சரக்கு ஏராளம். அந்த ஸ்டாக் கணக்கையே டர்போ சி-யில ப்ராஜெக்டா எடுத்திருக்கிற தம்பி, தங்கச்சிங்களுக்கு இது. மூணு ஃபைல் வரைக்கும் ஒழுங்கா கம்பைல் ஆனது, பத்து ஃபைல் ஆனதும் நின்னு போகும். உடனே ப்ரோக்ராமை அழிச்சு எழுத உட்காராதீங்க. தப்பு கமாண்டோட நீளத்துல இருக்கலாம்.

1. சிஸ்டத்தோட அளவைத் தெரிஞ்சுக்குங்க
எம்எஸ்-டாஸ்ல ஒரு கமாண்டுக்கு 127 எழுத்துதான். விண்டோஸ் 2000 கமாண்ட் ப்ராம்ப்ட்ல 2047, எக்ஸ்பியிலிருந்து 8191. லினக்ஸ்ல 2007-க்கு முந்தின கெர்னல்னா 128 கேபி.

2. எர்ரரை முழுசாப் படிங்க
போர்லேண்ட் மேக்ல 'கமாண்ட் ஆர்க்யுமென்ட்ஸ் டூ லாங்', லினக்ஸ்ல 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்'னு வந்தா சந்தேகமே வேண்டாம். டாஸ்பாக்ஸ்ல நீளமா டைப் பண்ண விடும். ஆனா கம்பைலர் கைக்குப் போகும்போது கடைசிப் பகுதி வெட்டுப்படும். அப்ப 'அன்டிஃபைன்ட் சிம்பல்'னு வேற எர்ரர் வந்து குழப்பும்.

3. பாதையைச் சுருக்குங்க
சி ட்ரைவ், டர்போசி3 ஃபோல்டர், அதுக்குள்ள ப்ராஜெக்ட், அதுல பில்01.ஓபிஜே. ஆங்கிலத்துல எண்ணினா 29 எழுத்து. இடைவெளியோட நாலு ஃபைலுக்கே 120 போயிடும், அஞ்சாவதுக்கு இடமில்லை. சிடி கொடுத்து அந்த ஃபோல்டருக்கே போயிட்டா, ஒரு பேருக்கு 10 எழுத்து போதும்.

4. ஆப்ஷன்களைத் தனி ஃபைல்ல வைங்க
இன்க்ளூட் பாதை, லைப்ரரி பாதை, மெமரி மாடல் எல்லாத்தையும் டர்போசி.சிஎஃப்ஜி-ங்கிற ஃபைல்ல எழுதி, வேலை பண்ற ஃபோல்டர்லயே வைங்க. டர்போ சி-யோட கம்பைலரான டிசிசி அதைத் தானே படிச்சுக்கும். கமாண்ட்ல ஃபைல் பேர் மட்டும் மிஞ்சும்.

5. லிங்க் பண்ண லிஸ்ட் ஃபைல்
ஒவ்வொரு ஃபைலையும் மைனஸ் சி ஆப்ஷனோட தனித்தனியா கம்பைல் பண்ணுங்க. ஓபிஜே பேர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி, லிங்க் பண்ற டிலிங்க் கமாண்டுக்குப் பக்கத்துல @ போட்டு அந்த ஃபைல் பேரைக் கொடுங்க. ஸ்மால் மாடல்னா சி0எஸ்.ஓபிஜே முதல்ல வரணும், சிஎஸ்.லிப் லைப்ரரி வரிசையில கடைசியா வரணும். ஓபிஜே பட்டியல் அடுத்த வரிக்கும் நீண்டா, வரிக் கடைசியில + போடுங்க. போடலைன்னா லிஸ்ட் அங்கேயே முடிஞ்சதா டிலிங்க் எடுத்துக்கும்.

6. ஜிசிசி-க்கும் அதே வழி
ஜிசிசி 4.2 முதல் @ ஃபைல் வசதி இருக்கு. விண்டோஸ்ல அந்த ஃபைலுக்குள்ள பாதை எழுதும்போது முன்சாய்வுக் கோடே போடுங்க. பின்சாய்வுக் கோட்டை ஜிசிசி வேற அர்த்தத்துல எடுத்துக்கும். லினக்ஸ்ல கம்பைலுக்கு எக்ஸ்ஆர்க்ஸ் சரி, லிங்குக்கு வேண்டாம். அது லிஸ்டைப் பிரிச்சுப் பிரிச்சு ஓட்டும், லிங்குக்கு எல்லா ஃபைலும் ஒரே தடவையில போயாகணும்.

ப்ராஜெக்ட் ஒப்படைக்கும்போது அந்த லிஸ்ட் ஃபைலையும் சிஎஃப்ஜி ஃபைலையும் சேர்த்தே கொடுங்க. அடுத்த பேட்ச் பிள்ளைங்க அதை வாங்கி அப்படியே கம்பைல் பண்ணிக்கலாம்.