ஒரு வண்டி, பல வருமானம்

புனே, மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள ஒரு பெரிய நகரம். மும்பையிலிருந்து ரயிலில் மூன்று நான்கு மணி நேரப் பயணம். அந்த நகரத்தில் காலை ஆறு மணிக்கே சில பெண்கள் தள்ளுவண்டியோடு தெருவில் இறங்கிவிடுவார்கள். வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குவார்கள். மக்கும் குப்பை ஒரு வாளியில். மக்காத குப்பை இன்னொரு வாளியில். இருவர் சேர்ந்து ஒரு வண்டி. ஒரு வண்டிக்கு இருநூறு, முந்நூறு வீடுகள்.

இவர்கள் மாநகராட்சி ஊழியர்கள் அல்ல. எந்த முதலாளியிடமும் கூலிக்கு நிற்பவர்களும் அல்ல. இது அவர்களுடைய சொந்தத் தொழில். அந்த ஒரே தொழிலில் இரண்டு, மூன்று வழிகளில் பணம் வருகிறது. இந்த நிலைக்கு வர அவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

தொட்டியே கடை

முன்பு இவர்கள் தெருக் குப்பைத் தொட்டியை நம்பி வாழ்ந்தார்கள். விடிவதற்கு முன் கோணிப்பையோடு கிளம்புவார்கள். தொட்டிக்குள் கைவிட்டுக் கிளறுவார்கள். காகிதம், அட்டை, கண்ணாடிப் புட்டி, தகரம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பொறுக்கித் தலையில் சுமந்துகொண்டு காயலான் கடைக்கு நடப்பார்கள். கை கிழியும். நாய் துரத்தும். எங்காவது திருட்டுப் போனால் முதல் சந்தேகம் இவர்கள் மேல்தான்.

விலையைச் சொல்வது கடைக்காரர். எடை போடுவதும் அவரே. முன்பணம் வாங்கியிருந்தால் வேறு கடைக்குப் போக முடியாது. காகித விலை இறங்கினால் அன்று அடுப்பில் அரை வயிற்றுக்குத்தான் சோறு. வாங்குபவர் ஒருவர், வருமானம் ஒன்று. அந்த ஒன்று சரிந்தால் பிடித்துக்கொள்ள வேறு கொம்பு இல்லை.

1990இல் இவர்களுடைய குடிசைப் பகுதிக்குப் படிப்புச் சொல்லித்தர ஆட்கள் வந்தார்கள். எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் வயது வந்தோர் கல்வித் துறையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். லட்சுமி நாராயணன், பூர்ணிமா சிகர்மனே ஆகிய இருவரும் அதில் இருந்தார்கள். எழுத்து கற்றுத்தர வந்த இடத்தில், பாடத்துக்கு முன்னால் பிழைப்பைப் பற்றிய பேச்சு வந்தது. வகுப்பு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். வயிற்றைப் பற்றிப் பேசாத வகுப்புக்கு வேலை முடிந்து களைத்து வருபவர் எத்தனை நாள் வருவார்?

பேச்சிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. குப்பை தொட்டிக்கு வந்து அழுகிக் கலந்த பிறகு எடுப்பதை விட, வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்கினால் என்ன? சுமார் முப்பது பெண்கள் முயன்று பார்த்தார்கள். வீட்டுக்காரர்களிடம் பேசினார்கள். வாசலில் வாங்கிய காகிதம் ஈரமில்லாமல் இருந்தது. சுத்தமான சரக்குக்கு நல்ல விலை கிடைத்தது. வேலை நேரமும் குறைந்தது.

ஆனால் நிம்மதி நீடிக்கவில்லை. அதே பகுதியில் ஒருவர் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் தொழிலைத் தொடங்கினார். குப்பை அவர் வண்டியில் ஏறினால் இந்தப் பெண்களுக்கு என்ன மிஞ்சும்? பெண்கள் கூடி எதிர்த்து நின்றார்கள். மற்றவர்கள் வீசி எறியும் குப்பைக்குக்கூடப் போட்டி வரும் என்று அன்று அவர்களுக்குப் புரிந்தது. தனித்தனியாக நின்றால் பிழைப்பு நிலைக்காது என்பதும் புரிந்தது.

1993 மே மாதம் புனேயில் குப்பை பொறுக்குபவர்களின் மாநாடு நடந்தது. 800க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்காகப் பாடுபட்ட பாபா ஆடவ் தலைமை தாங்கினார். அங்கே ஒரு சங்கம் பிறந்தது. அதன் பெயர் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து'. மராத்தியில் காகத் என்றால் காகிதம். காச் என்றால் கண்ணாடி. பத்ரா என்றால் தகரம். கஷ்டகரி என்றால் பாடுபட்டு உழைப்பவர். பொறுக்கும் பொருள்களையே தங்கள் சங்கத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

சங்கம் அடையாள அட்டை கொடுத்தது. மாநகராட்சியும் அதை ஏற்றது. அட்டை கழுத்தில் தொங்கினால் காவலாளி வாசலில் மறிப்பது குறையும். சங்கமே காயலான் கடையும் நடத்தியது. அங்கே எடை சரியாக இருந்தது. வந்த லாபம் சரக்குப் போட்டவர்களுக்கே போனது. சேமித்துக் கடன் வாங்கத் தனியே ஒரு கூட்டுறவுச் சங்கமும் வந்தது.

இரண்டாவது வருமானம்

நாடு முழுவதும் 2000ஆம் ஆண்டில் ஒரு விதி வந்தது. நகரங்களில் குப்பையை வீடு வீடாகச் சென்று சேகரிக்க வேண்டும் என்றது அந்த விதி. அந்த வேலையைப் பெரிய ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தால் பொறுக்குபவர்களின் கதை அன்றே முடிந்திருக்கும். சங்கம் சும்மா இருக்கவில்லை. "வெகு காலமாக இந்த வேலையைச் செய்கிறவர்கள் நாங்கள். எங்களுக்கே கொடுங்கள்" என்று மாநகராட்சியிடம் கேட்டது. இவர்களுடைய உழைப்பால் மாநகராட்சிக்கு எவ்வளவு செலவு மிச்சமாகிறது என்ற கணக்கும் கையில் இருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உதவியோடு நடந்த ஆய்வு 2001இல் அந்தக் கணக்கை வெளியிட்டிருந்தது.

பிறகு 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு உருவானது. ஸ்வச் என்றால் சுத்தம். 2008இல் மாநகராட்சியோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் ஆனது. அதன்படி உறுப்பினர்கள் வீடு வீடாகக் குப்பை எடுப்பார்கள். வீட்டுக்காரர் மாதாமாதம் ஒரு கட்டணம் தருவார். அது எடுப்பவரின் கைக்கே போகும். குப்பையில் கிடைக்கும் காகிதமும் பிளாஸ்டிக்கும் அவருக்கே சொந்தம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன்பு பழைய பொருளை விற்ற காசு மட்டும்தான் வந்தது. இப்போது வேலை செய்ததற்குக் கூலியும் வருகிறது. வண்டி அதே வண்டி. தெரு அதே தெரு. நடையும் ஒரே நடைதான். ஆனால் பணம் தருபவர்கள் வேறு வேறு. ஒருவர் காயலான் கடைக்காரர். மற்றவர்கள் முந்நூறு வீட்டுக்காரர்கள். காகித விலை இறங்கினால் வீட்டுக் கட்டணமும் இறங்கிவிடுமா? இறங்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருப்பதற்காக எடுத்துக்கொண்ட தொகைகள் இவை. இரண்டு பெண்கள், 300 வீடுகள். வீட்டுக்கு மாதம் 60 ரூபாய். 40 வீட்டார் இன்று நாளை என்று இழுத்தடித்துக் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 260 வீடுகளில் 15,600 ரூபாய் வரும். ஆளுக்கு 7,800 ரூபாய். பழைய பொருள் விற்றதில் ஆளுக்கு 2,600 ரூபாய். மொத்தம் 10,400 ரூபாய்.

இப்போது காயலான் விலை பாதியாகிறது. 2,600 ரூபாய் 1,300 ஆகும். மொத்தம் 9,100 ரூபாய். எட்டில் ஒரு பங்கு குறைந்தது. கஷ்டம்தான், ஆனால் சமாளிக்கலாம். பொறுக்கி விற்பதை மட்டுமே நம்பி 5,000 ரூபாய் சம்பாதித்தவர் கதி என்ன? அவருக்கு 2,500 ரூபாய்தான் கிடைக்கும். அவர் வீட்டில் பாதி அடுப்பு அணைந்துவிடும்.

இது வெறும் கற்பனை அல்ல. 2008 கடைசியில் உலகெங்கும் பொருளாதாரம் சரிந்தது. பழைய காகிதம், இரும்பு, பிளாஸ்டிக் விலைகள் விழுந்தன. எங்கோ வெளிநாட்டு வங்கிகள் திவாலானதற்கு, இந்திய நகரங்களில் கோணிப்பை தூக்கியவர்களின் வருமானமும் விழுந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது காயலான் கடைகள் மூடிக் கிடந்தன. விற்க இடமில்லை. ஆனால் ஊரடங்கிலும் வீட்டில் குப்பை சேர்ந்தது. ஸ்வச் பெண்கள் முகக்கவசம் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளினார்கள்.

பக்கத்து வேலைகள்

இரண்டோடு நிற்கவில்லை. மக்கும் குப்பையை உரமாக்கத் தெரிந்தவர்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலை கிடைத்தது. குடியிருப்பின் மூலையில் உரக்குழி இருக்கும். காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். கிளறிவிட வேண்டும். ஈரம் கூடினால் நாற்றம் எடுக்கும். காய்ந்துபோனால் மக்காது. அந்தப் பக்குவம் தெரிந்தவருக்குத் தனிச் சம்பளம்.

சிலர் பழைய செய்தித்தாளில் பைகள் செய்தார்கள். மாதவிடாய்க்குப் பயன்படுத்திய நாப்கினைச் சுற்றிப் போடுவதற்கான பை அது. அதற்குக் காரணம் இருந்தது. குப்பையைப் பிரிக்கும்போது அவற்றை வெறும் கையால் தொட வேண்டியிருந்தது. அந்த அவமானத்திலிருந்துதான் பை செய்யும் யோசனை வந்தது. வெயிலில் வண்டி தள்ள முடியாத வயதான பெண்களும் உட்கார்ந்த இடத்தில் பை ஒட்டினார்கள்.

பழைய துணி, செருப்பு, மேசை நாற்காலி, கெட்டுப்போன மின்சாதனம் ஆகியவற்றை வீடுகளிலிருந்து சேகரிக்கும் வேலையும் சேர்ந்தது. கழித்துக் கட்டிய பொருளில் உபயோகமானதைப் பிரித்து மறுபடி விற்றார்கள்.

ஆனால் ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்ய முடியாது. காலையில் வண்டி, மதியம் உரக்குழி, மாலையில் பை என்று ஓடினால் உடம்பு தாங்காது. குழந்தைகளைப் பார்ப்பது யார்? இங்கே பலர் சேர்ந்திருந்ததால் வேலையைப் பங்கிட முடிந்தது. தனியாளாகத் தொழில் செய்பவர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். புதிய வருமானம் கையிலுள்ள தொழிலின் நேரத்தைத் தின்றால் அது வரவா, செலவா?

புனே பெண்களின் கவலை தீர்ந்துவிடவில்லை. கட்டணம் தராத வீடுகள் உண்டு. மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு "நாளைக்கு வா" என்பார்கள். மாநகராட்சி ஒப்பந்தத்துக்கும் காலக்கெடு உண்டு. அது முடியும்போதெல்லாம் வேலை பெரிய நிறுவனத்துக்குப் போய்விடுமோ என்ற பயம் வரும். 2020 கடைசியில் கெடு முடிந்தபோதும் அந்தப் பயம் வந்தது. பெண்கள் மறுபடி தெருவில் இறங்கிக் கேட்க வேண்டியிருந்தது.

நம் ஊரில்

நம் ஊரில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவைப் பாருங்கள். காலை பத்து மணிக்குக் கடை முடிந்துவிடும். கிரைண்டர் சும்மா கிடக்கும். மாலையில் மாவு அரைத்து விற்றால் வாங்குபவர்கள் வேறு. கடைக்கு வராத வீடுகளும் மாவு வாங்கும். மழை நாளில் இட்லி வியாபாரம் படுத்தாலும் மாவு போகும். இதுவும் புனே வண்டியைப் போலத்தான். அதே அரிசி, அதே கிரைண்டர், வேறு வாடிக்கை. அந்த அக்காவே கடனை வாங்கிப் புடவை வியாபாரத்தில் இறங்கினால்? அது தெரியாத தொழில். சரக்கு தேங்கினால் இட்லிக் கடையின் முதலையும் இழுத்துக்கொண்டு போகும்.

கணக்குப் போடுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம், போன மாதம் உங்களுக்குப் பணம் தந்தவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். வலது பக்கம் தொகையை எழுதுங்கள். எல்லாவற்றிலும் பெரிய தொகை எது? அடுத்த மாதம் அந்த ஒருவர் வராவிட்டால் மிச்சம் எவ்வளவு? அந்த மிச்சத்தில் அரிசி, வாடகை, கடன் தவணை மூன்றும் அடங்குமா? எழுதியதைப் பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுங்கள்.