சயாமுக்குப் போனவர்களைத் தேடி: நூலகத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் முறை

"சயாமுக்குப் போனார், திரும்பி வரவில்லை." தோட்டத்தில் வாழ்ந்த பழைய குடும்பங்கள் பலவற்றில் ஒரு தாத்தாவின் வரலாறு இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரிக்குப் பின்னால் நடந்தது என்ன என்பதை அறிய, பள்ளியில் பயிலும் கொள்ளுப்பேரப் பிள்ளை இன்று கைப்பேசியை எடுக்கிறது. நொடிப்பொழுதில் எண்ணற்ற பக்கங்கள் வந்து குவிகின்றன. மாண்டவர் தொகை ஒரு பக்கத்தில் ஓர் எண்ணாகவும், மறுபக்கத்தில் அதைப் போல் இருமடங்காகவும் காணப்படுகிறது. அவ்வெண் எங்கிருந்து பெறப்பட்டது என்பதைப் பலரும் கூறுவதில்லை. பிள்ளை எதை நம்பித் தன் ஆய்வேட்டில் எழுதுவது?

இஃது ஒரு பாடத்தின் மதிப்பெண் பற்றிய கேள்வி மட்டுமன்று. நம் முன்னோரைப் பற்றி நாமே தவறாக எழுதிவைத்தால், நமக்குப் பின் வருவோர் அதையே உண்மையெனக் கொள்வர். ஆகவே, நம்பத்தகுந்த ஆய்வுச் செய்திகளைப் பணம் செலவின்றித் தேடிப் பெறும் முறையை, இந்தச் சயாம் வரலாற்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்குப் பயில்வோம்.

தேடுபொறியும் தரவுத்தளமும்

தேடுபொறி, இணையத்தில் தனக்கு எட்டியவற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவது. ஆராய்ந்து எழுதியதையும் பொழுதுபோக்காக எழுதியதையும் அது ஒரே வரிசையில் நிறுத்திவிடும். நூலகத் தரவுத்தளம் அவ்வாறானதன்று. ஆய்விதழ்கள், நூல்கள், பழைய நாளேடுகள், ஆவணங்கள் ஆகியவற்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் எழுதியவர் யார், வெளியிட்டவர் யார், எந்த ஆண்டு என்னும் குறிப்புகளோடு அடுக்கி வைத்த களஞ்சியம் அது. அங்குள்ளவை யாவும் பிழையற்றவை என்று கூறுவதற்கில்லை. ஆயினும், ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து வந்தது என்பதை நாம் கண்டறிய முடியும். உண்மையைச் சோதிக்க முதலில் வேண்டுவது அதுவே.

எங்கே தேடுவது?

முதற்படி, அருகிலுள்ள நூலகம். கோலாலம்பூரில் உள்ள தேசிய நூலகமும் மாநிலப் பொது நூலகங்களும் தங்கள் உறுப்பினர்களுக்கு இணைய வழிச் சேவைகளை வழங்குகின்றன. உறுப்பினராகச் சேர்ந்து, எந்தெந்தத் தரவுத்தளங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று நூலகரிடம் கேட்டறிவது நன்று. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. வழிகாட்டுவது நூலகரின் பணி.

எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க களஞ்சியங்களும் உண்டு. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளத்தில் மலாயா, சிங்கப்பூர் நாளேடுகளின் பழைய இதழ்கள் உள்ளன. 1935ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கு இடம்பெற்றுள்ளன. சில இதழ்களை மட்டும் நூலகத்திற்கு நேரில் சென்றே காண இயலும். சிங்கப்பூரில் 1979இல் தொடங்கப்பெற்ற வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தை நேரில் கண்டோரின் நினைவுகளைப் பதிவு செய்தது. அப்பதிவுகள் பலவற்றை அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் கேட்கலாம். ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் 'டுரோவ்' தளத்தில், போர்க் கைதிகள் நாடு திரும்பிய பின் வெளிவந்த நாளேட்டுச் செய்திகளைப் படிக்கலாம்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு, 2003இல் சுவீடனின் லுண்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற 'டி.ஓ.ஏ.ஜே.' என்னும் பட்டியலை நாடலாம். கட்டணமின்றிப் படிக்கத்தக்க ஆய்விதழ்களை மட்டும், தகுதி பார்த்துச் சேர்க்கும் பட்டியல் அது. 'ஜேஸ்டோர்' என்னும் தளமும், பதிவு செய்துகொள்வோர்க்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கட்டுரைகளை இணையத்தில் இலவசமாகப் படிக்க இடமளிக்கிறது.

எந்தச் சொல்லைக் கொண்டு தேடுவது?

தேடும் சொல் தவறினால், களஞ்சியம் நிறைந்திருந்தும் நாம் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். நாம் 'சயாம்' என்கிறோம். ஆனால், 1939இலேயே அந்நாடு தாய்லாந்து எனப் பெயர் மாற்றம் பெற்றுவிட்டது. ஆகவே, 'சயாம்', 'தாய்லாந்து', 'பர்மா' ஆகிய பெயர்களைத் தனித்தனியே 'ரயில்' என்னும் சொல்லோடு சேர்த்துத் தேடுதல் வேண்டும். ஆசியத் தொழிலாளரை ஜப்பானியர் குறித்த 'ரோமுஷா' என்னும் சொல்லையும் பயன்படுத்தலாம். தமிழில் கிடைக்காதது மலாயிலோ ஆங்கிலத்திலோ கிடைக்கக்கூடும். ஆதலால் மும்மொழியிலும் தேடுக. முடிவுகள் மிகுதியாக வந்தால், 1942 முதல் 1946 வரை என ஆண்டெல்லை வகுத்துச் சுருக்கலாம்.

கிடைத்ததை எடைபோடுவது எப்படி?

ஒவ்வொரு செய்தியிடமும் நான்கு கேள்விகளைக் கேட்போம். எழுதியவர் யார்? எப்பொழுது எழுதினார்? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு எவரேனும் இதையே கூறுகின்றனரா?

ஜப்பானியர் ஆட்சியில் வெளிவந்த 'சியோனான் ஷிம்புன்' நாளேட்டை எடுத்துக்கொள்வோம். அதுவும் தரவுத்தளத்தில் உள்ளது, அக்காலத்திலேயே அச்சானது. எனினும், அஃது ஆட்சியாளரின் குரல். ஆட்சியாளர் மக்களிடம் என்ன கூறினர் என்பதற்கு அது நல்ல சான்று. மக்கள் பட்ட பாட்டிற்கு அது சான்றாகாது. அதற்குப் பிழைத்து வந்தோரின் வாக்குமூலத்தையும் போருக்குப் பிந்திய ஆய்வுகளையும் நாட வேண்டும்.

இனி, எண்களுக்கு வருவோம். சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942இல் தொடங்கப்பெற்று, 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அதில் வேலை செய்தனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்விவரத்தில் ஆய்வாளரிடையே பெரிய வேறுபாடு இல்லை. ஏனெனில், படைவீரர்க்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் மட்டும் ஏறத்தாழ 7,000 கைதிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

ஆசியத் தொழிலாளரின் நிலை வேறு. நல்ல கூலி என்று ஆசைகாட்டியும், பின்னர் வலுக்கட்டாயமாகவும் கொண்டுசெல்லப்பட்டோருள் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். பசியும் மலேரியாவும், 1943இன் மழைக்காலத்தில் பரவிய வாந்திபேதியும் அவர்களைக் கூட்டம் கூட்டமாக மாய்த்தன. எல்லா நாட்டவரையும் சேர்த்து, வேலை செய்த ஆசியர் இரண்டு இலட்சம் அளவினர் என்றும், மாண்டவர் 90,000 அளவினர் என்றும் பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. இவை எண்ணிப் பார்த்த கணக்குகளல்ல, மதிப்பீடுகள். முழுமையான பெயர்ப் பதிவு இல்லாமையால்தான் ஒவ்வோர் ஆய்விலும் தொகை மாறுகிறது. ஆகவே, "இத்தனை பேர் மாண்டனர்" என்று உறுதியாக எழுதாமல், "இன்னாரின் ஆய்வு இவ்வாறு மதிப்பிடுகிறது" என்று எழுதுவதே நேர்மை. 'இலட்சக்கணக்கான தமிழர்' என்று சான்றின்றி மிகைப்படுத்துவது மாண்டவர்க்குப் பெருமை சேர்க்காது. மெய்யான துயரத்தின் மீதும் ஐயம் எழவே அது வழிசெய்யும்.

மேலும் சில குறிப்புகள்

ஒரு கட்டுரையைத் திறக்கப் பணம் கேட்டால், உடனே செலுத்திவிட வேண்டாம். அதே கட்டுரையை ஆசிரியரின் பல்கலைக்கழகத் தளம் இலவசமாக வெளியிட்டிருக்கக்கூடும். நூலகத்தின் வழியாகப் பெற இயலுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

கட்டுரையின் முகப்பிலுள்ள சுருக்கத்தை முதலில் படித்து, பயன்படும் என்று தெரிந்தபின் முழுமையாகப் படிப்போம். படித்ததும் ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை ஏட்டில் உடனே குறித்துவைப்போம். நாளைக்குக் குறித்துக்கொள்ளலாம் என்று விட்டது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நிறைவாக ஒன்று. தரவுத்தளத்தில் இல்லாத ஏடும் ஒன்று உண்டு. அது நம் வீட்டு முதியோரின் நினைவு. எந்தத் தோட்டத்திலிருந்து போனார், யாருடன் போனார், பெயர் என்ன என்று கேட்டு, சொன்னவர் பெயரும் நாளும் குறித்து எழுதிவைப்போம். அதனை நூலகச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். படைவீரர்க்குப் பட்டியலும் கல்லறையும் இருந்தன. நம்மவர்க்கு அவை இல்லாமற்போயின. இனி எழுதப்படும் பட்டியலேனும் பிழையின்றி அமைவது நம் கையில் உள்ளது.