கத்திச் சவரம்: கூச்சப்படாமல் கேளுங்கள்

கேள்வி: நம்மவர் முடிதிருத்தும் கடையில் முதன்முறையாகக் கத்திச் சவரம் செய்துகொள்ளப் போகிறேன். எப்படி இருக்கும்?
– வாசகர், தாப்பா

பதில்: வாரில் தீட்டும் பழைய கத்தி இப்போது அபூர்வம். பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைக் கத்தியில் செருகுவார்கள். உறையைப் பிரிப்பது உங்கள் கண்முன் நடக்கட்டும்; ஹெபடைடிஸ் பி ரத்தத்தின் வழி பரவும் நோய்.

முதலில் தண்ணீர், பிறகு பிரஷ் நுரை. தாடி நன்றாக ஊறட்டும், அவசரப்படுத்தாதீர்கள். முதல் சுற்று முடி வளரும் திசையில் போகும். எதிர்த்திசைச் சுற்று பருக்கள் உள்ள முகத்துக்கு ஆகாது, வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். கத்தி தொண்டையருகே வரும்போது எச்சில்கூட விழுங்காதீர்கள்! கடைசியில் படிகாரம். சுரீரென்று எரியும், ஆனால் சிறு கீறலில் கசியும் ரத்தம் நின்றுவிடும்.

காத்திருக்க நேர்ந்தால் கடைக்காரரைக் கோபிக்காதீர்கள். ஆள் பற்றாக்குறைதான் காரணம்: முடிதிருத்தும் தொழிலுக்கு 2009-இல் முடக்கிய வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதியை மலேசிய அரசு 2023-இல்தான் தளர்த்தியது.