மேலிடத்துக்கு எட்டாத செய்தி

அன்புள்ள மகளுக்கு,

நாட்டை நாலைந்து வருஷம் ராணுவத்திடம் ஒப்படைத்தால் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும் என்று உன் கல்லூரியில் பலரும் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தாய். அந்தக் கொஞ்ச காலம் பத்திரிகைகள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்றும் கேட்டிருந்தாய். ஆவடியில் இந்தப் பேச்சு எழுவதில் வியப்பில்லை. டாங்கி தொழிற்சாலையும், ராணுவ உடுப்பு தைக்கும் தொழிற்சாலையும், விமானப்படைத் தளமும் உள்ள ஊர் அது. அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் படித்து ஆளான வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. ராணுவம் என்றால் அங்கே நேரம் தவறாமை, சுத்தம், ஒழுங்கு. அந்த மதிப்பு எனக்கும் உண்டு. ஆனால் ஒரு நல்ல படையை வைத்திருப்பது வேறு, படையை நடத்தும் முறையில் நாட்டை நடத்துவது வேறு. படையில் உத்தரவு மேலிருந்து கீழே வரும். 'முடித்தாயிற்று' என்ற தகவல் கீழிருந்து மேலே போகும். போர்க்களத்துக்கு அது போதும். கோடிக்கணக்கான குடும்பங்களை ஆள அது போதாது. உத்தரவை நிறைவேற்றிய விதத்தில் யார் வீட்டில் என்ன நடந்தது என்பதை அந்த ஒற்றைத் தகவல் சொல்லாது. அதைச் சொல்வதற்கு உத்தரவுக்குக் கட்டுப்படாத ஒருவர் வேண்டும். பத்திரிகை அந்த வேலையைச் செய்கிறது. அதன் வாயை அடைத்தால் மக்கள் ஏமாறுவார்கள் என்பது எல்லோரும் அறிந்தது. அவர்களுக்கு முன்னால் ஏமாறுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். இதைத்தான் உனக்கு விளக்கிச் சொல்ல நினைக்கிறேன்.

சான்று பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. 1971 மார்ச் 25 இரவு, பாகிஸ்தானில் ஜெனரல் யாஹ்யா கானின் ராணுவ அரசு, அன்று கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த டாக்காவில் தாக்குதலைத் தொடங்கியது. அங்கிருந்த வெளிநாட்டு நிருபர்களை ஓட்டலுக்குள்ளேயே நிறுத்திவைத்து, பிறகு நாட்டை விட்டே அனுப்பினார்கள். ஏப்ரல் மாதம், கிழக்கே நிலைமை சீராகிவிட்டது என்று எழுத வைப்பதற்காகப் பாகிஸ்தான் பத்திரிகையாளர்கள் எட்டுப் பேரை ராணுவமே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டியது. திரும்பி வந்தவர்களில் ஏழு பேர் எதிர்பார்த்தபடியே எழுதினார்கள். கராச்சி 'மார்னிங் நியூஸ்' ஏட்டின் உதவி ஆசிரியர் ஆந்தனி மாஸ்கரனாஸ் மட்டும் எழுதவில்லை. உடன்பிறந்தவளுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லி லண்டன் போனார். 'சண்டே டைம்ஸ்' ஆசிரியரைச் சந்தித்தார். மனைவி மக்கள் பாகிஸ்தானை விட்டு வெளியேற வழிசெய்தார். அதன் பிறகே, 1971 ஜூன் 13 அன்று, கட்டுரை வெளிவந்தது. அவர் கண்டதை ராணுவம் அவரிடம் மறைக்கவே இல்லை என்பதைக் கவனி. இரவு மெஸ்ஸில் அதிகாரிகள் அன்றைய கொலைக் கணக்கை அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். பத்திரிகைக்காரன் என்றால் சொன்னதை எழுதுகிறவன் என்று அவ்வளவு உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு விலை யார் கொடுத்தது? மேற்குப் பாகிஸ்தான் மக்கள் டிசம்பர் வரை வெற்றிச் செய்திகளையே படித்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணாகதி. 90,000 பேருக்கு மேல் கைதிகள். நான்கே நாளில் யாஹ்யா கான் பதவியிழந்தார். கிழக்கு வங்கம் கைநழுவுகிறது என்பதை மார்ச் மாதமே உரக்கச் சொல்ல நாட்டுக்குள் ஒரு பத்திரிகை இருந்திருந்தால், நாடு உடையாமல் இருந்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சுவார்த்தைக்குத் திரும்பு என்ற குரல் மேற்கிலேயே எழ ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அந்த வாய்ப்பைத் தணிக்கை பறித்தது.

பர்மாவும் அப்படித்தான். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் உடைமைகளை விட்டுவிட்டு வெறுங்கையோடு சென்னைக்குக் கப்பலேறினார்கள். பாரிமுனையின் பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைகள்தாம். அந்த நாட்டில் பத்திரிகைகள் அச்சேறுமுன் தணிக்கையாளரிடம் போயாக வேண்டும் என்ற விதி 2012 வரை நீடித்தது. 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைத் தாக்கியது. நம் வானிலைத் துறை இரண்டு நாள் முன்பே எச்சரிக்கை அனுப்பியிருந்தது. எச்சரிக்கை அரசிடம் வந்து சேர்ந்தது, டெல்டா மக்களிடம் அதற்குரிய அழுத்தத்தோடு போய்ச் சேரவில்லை. மாண்டவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,30,000 பேருக்கு மேல். பிணங்கள் மிதந்துகொண்டிருந்த மே 10 அன்று, நாட்டின் பெரும்பகுதியில் புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியது ராணுவ அரசு.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம் ராணுவம் ஒருநாளும் ஆட்சிக்கு ஆசைப்பட்டதில்லையே என்பாய். உண்மை. அதனால்தான் நம் நாட்டில் தணிக்கை வந்தபோது சீருடை போட்டுக்கொண்டு வரவில்லை. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. டில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் பகதூர் ஷா ஜாபர் சாலையில் அன்றிரவே மின்சாரத்தைத் துண்டித்தார்கள். மறுநாள் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தணிக்கை உத்தரவு வந்தது. எதிர்ப்பைக் காட்ட 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கத்தின் இடத்தை வெற்றாக விட்டது; சென்னையில் சோவின் 'துக்ளக்' அட்டையைக் கறுப்பாக அச்சிட்டது. அப்புறம் வெற்றிடம் விடுவதும் கூடாது என்றார்கள். இந்தத் தடையைச் சற்று நின்று யோசித்துப் பார். அந்தக் காலத்தில் ஈய எழுத்தைக் கோத்து, புரூஃப் எடுத்துத் தணிக்கையாளரிடம் அனுப்ப வேண்டும். அவர் அடித்துத் தள்ளிய பத்திகளைப் பிரித்தெடுத்தால் பக்கத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் வாசகனிடம் உண்மையைச் சொல்லிவிடும்: இங்கே ஏதோ இருந்தது, எடுத்துவிட்டார்கள். அதை விளம்பரத்தாலோ சமையல் குறிப்பாலோ நிரப்பச் சொன்னபோது, மறைத்தார்கள் என்ற செய்தியையும் சேர்த்தே மறைத்தார்கள். நிரம்பிய பக்கத்தைப் பார்க்கிற வாசகன் எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது என்று நினைப்பான். ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தைப் பார்க்கிற அமைச்சரும் அப்படித்தான் நினைப்பார்.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசைக் கலைத்தார்கள். கைதுகள் தொடர்ந்தன. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதைக்கூடப் பத்திரிகை எழுத முடியாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்று தி.மு.க. நாளேடான 'முரசொலி'யில், அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஊர்வாரியாக ஒரு பெயர்ப் பட்டியலைப் போட்டார் கருணாநிதி. ஏன் வர இயலவில்லை என்று ஒரு சொல் இல்லை. படித்தவர்களுக்கு விளங்கிவிட்டது. கழகத்தின் அரசியலோடு உனக்கு உடன்பாடு இருக்கிறதா என்பது இங்கே கேள்வி இல்லை. ஒரு வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்ற விவரத்தை அஞ்சலிக் குறிப்பின் மறைவில் சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு மாநிலம் வந்திருந்தது என்பதைப் பார். அதற்கு மேல் எதையும் அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. அதே நாள்களில் சென்னை மத்திய சிறைக்குள் மிசா சட்டத்தில் அடைத்த கைதிகளை அடித்து நொறுக்கினார்கள். சென்னையின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அந்த அடிகளை வாங்கியவர்களில் ஒருவர்; 1977 ஜனவரியில் இறந்துபோனார். சிறைக்கொடுமை பற்றி நீதிபதி இஸ்மாயில் விசாரணை நடத்தியது நெருக்கடி நிலை போன பிறகு. நடந்துகொண்டிருந்தபோது அது செய்தியாகியிருந்தால், அடிக்க ஓங்கிய கை ஒருமுறையாவது தயங்கியிருக்கும்.

என் வாதத்துக்கு மிகப் பெரிய சான்று குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்கு. 1976-77-இல் நாடு முழுவதும் கருத்தடை அறுவைக்கு வைத்த இலக்கு ஏறத்தாழ 43 லட்சம். நடந்தது 81 லட்சம். நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கையில் இந்த எண்கள் இருக்கின்றன. காகிதத்தில் இது இமாலய சாதனை. பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தும், கிராமங்களைப் போலீஸ் சுற்றிவளைத்தும் ஆள்பிடித்த கதை அந்த எண்ணுக்குள் இல்லை. ஒவ்வொரு அதிகாரியும் தனக்கு மேலே இருப்பவருக்கு இலக்கைத் தாண்டியதாக எழுதினார். அவர் தனக்கு மேலே எழுதினார். குறுக்கே புகுந்து 'ஐயா, இது எப்படி நடந்தது தெரியுமா' என்று கேட்க வேண்டிய பத்திரிகையைக் கட்டிப்போட்டாயிற்று. நான்கு செய்தி நிறுவனங்களை ஒன்றாக்கி 'சமாச்சார்' என்று ஒரே குழாயாக மாற்றியாயிற்று. 1977 ஜனவரியில் இந்திரா காந்தி தேர்தலை அறிவித்ததற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் தோற்பதற்கென்று எவரும் தேர்தல் வைப்பதில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஓர் இடம்கூடக் கிடைக்காது, ரேபரேலியிலேயே அவரும் தோற்பார் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லக்கூடியவர்களை அவரே ஊமையாக்கியிருந்தார்.

இதற்கு உன் நண்பர்கள் ஒரு வலுவான மறுப்பு வைத்திருப்பார்கள்: அதே தேர்தலில் தமிழ்நாடு காங்கிரஸ், அ.தி.மு.க. அணிக்கு வாரி வழங்கியதே, நெருக்கடி நிலை அவ்வளவு மோசமென்றால் நம் ஜனங்கள் ஏன் ஓட்டுப் போட்டார்கள்? நியாயமான கேள்வி. எம்.ஜி.ஆரின் செல்வாக்கும், தி.மு.க. ஆட்சி மீதிருந்த கசப்பும், அந்த ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷனும் அதில் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டேன். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள். வடக்கே நடந்த கட்டாய அறுவையை வடக்கே இருந்தவர்கள் செய்தித்தாளில் படிக்கவில்லை, உடம்பில் அனுபவித்தார்கள். அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த அம்பத்தூரின் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு டில்லி துருக்மான் கேட்டில் 1976 ஏப்ரலில் வீடுகளை இடித்ததும் துப்பாக்கிச் சூடு நடந்ததும் எப்படித் தெரிந்திருக்கும்? அவருக்குத் தெரிந்தது ரயில் நேரத்துக்கு வந்ததும் ஆபீசில் ஆள் இருந்ததும். தேர்தலுக்கு முன் தணிக்கை தளர்ந்தது உண்மைதான். பத்தொன்பது மாதம் விட்டுப்போன செய்தியை இரண்டு மாதத்தில் படித்து ஜீரணிக்க முடியுமா? ஒரே நாட்டில் இருந்துகொண்டு ஒரு பகுதியின் துயரம் மற்றொரு பகுதிக்கு எட்டாமல் போனதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு சாட்சி.

ராணுவ ரகசியம் என்று ஒன்று இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. எந்தப் படைப்பிரிவு எந்த எல்லைக்கு நகர்கிறது என்று எழுத எந்தப் பொறுப்புள்ள ஆசிரியரும் உரிமை கேட்கவில்லை. கெடுபிடி வரும்போது முதலில் வெட்டப்படுவது அது இல்லை; சிறையில் யார் இருக்கிறார் என்பதும், எந்தக் குடிசை இடிபட்டது என்பதும்தான். பத்திரிகைகளே பொய் எழுதுகின்றன, காசு வாங்குகின்றன என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது, பல நேரம் உண்மையும்கூட. ஆனால் எழுதிய பிறகு வழக்குப் போடுவதும், எழுதுவதற்கு முன் அனுமதி வாங்கச் சொல்வதும் ஒன்றாகாது. முதலாவதில் பொய்யா மெய்யா என்பதை எல்லோர் முன்னிலையிலும் நீதிமன்றம் பார்க்கும். இரண்டாவதில் ஓர் அதிகாரி தன் அறையில் முடிவு செய்வார், அவர் எதைத் தடுத்தார் என்பதே வெளியே தெரியாது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முயன்ற வழக்கில், அதிகாரிகள் தங்களுக்கு அவதூறு வரும் என்று அஞ்சி முன்கூட்டியே தடுக்க முடியாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்ப் பத்திரிகை ஒன்று நாடு முழுமைக்கும் பெற்றுத்தந்த தீர்ப்பு அது. உன் வயதில் உள்ளவர்களுக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

நாம் ஓட்டுப் போட்டு வைத்த அரசுகளும் சளைத்தவை இல்லை. 1987-இல் அட்டைப்படக் கேலிச்சித்திரம் ஒன்றுக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. 2003-இல் 'தி இந்து' ஆசிரியர் குழுவினருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை என்றது. அதே ஆண்டு 'நக்கீரன்' கோபாலைப் பொடா சட்டத்தில் சிறையில் வைத்தார்கள். அந்த வழக்குகளுக்கான தனி நீதிமன்றம் உங்கள் ஆவடிக்குப் பக்கத்துப் பூந்தமல்லியில்தான் இருந்தது. அப்படியானால் ராணுவ ஆட்சிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று நீ கேட்கலாம். விகடன் ஆசிரியர் சில நாளிலேயே வெளியே வந்தார், ஏனென்றால் மற்றப் பத்திரிகைகள் மறுநாளே அதை எழுத முடிந்தது. 'இந்து' வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றே நாளில் தடை கொடுத்தது. ஒடுக்குமுறை இருந்தது, அது செய்தியாகவும் இருந்தது.

அதே பூந்தமல்லிக்கு இன்னொரு வழக்கும் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கைத் தடா சட்டத்தின் கீழ் அங்கே மூடிய கதவுக்குள் விசாரித்து, 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதித்தார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மன்னிக்க முடியாத ஒரு கொலை அது. விசாரித்தவர்களின் நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் சாட்சிகள் என்ன சொன்னார்கள், எது எடுபட்டது என்று நிருபர்கள் நாள்தோறும் எழுத முடிந்திருந்தால், அந்த 19 பேரைப் பற்றிய கேள்வி மேல்முறையீடு வரை காத்திருக்க வேண்டியிருக்குமா என்று உன் நண்பர்களிடம் கேட்டுப்பார். அவர்கள் சொல்லும் பதிலை எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா