புயல் வராத ஊரில் வெள்ளம் வரும்

பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் பூமியின் சுழற்சியால் காற்றைச் சுழலவைக்கும் விசை குறைவு; அதனால் மலேசியாவில் புயல் அபூர்வம். 2001 டிசம்பரில் ஜொகூரில் கரையேறிய 'வாமெய்' புயல் ஒரு விதிவிலக்கு. ஆனால் 2021 டிசம்பரில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கொட்டிய மழையிலேயே ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது.

மழை விடாவிட்டால் மைகார்டு, பிறப்புப் பத்திரம், மருந்து, பவர்பேங்க் எல்லாவற்றையும் ஜிப் பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். தண்ணீர் வாசற்படியைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள், ஈரக் கையோடு அல்ல. கேஸ் சிலிண்டரையும் மூடுங்கள். காரை மேட்டில் நிறுத்துங்கள். அடித்தள பார்க்கிங் வேண்டவே வேண்டாம். கிள்ளான்காரர்கள் கடல் பெருக்கு நேரத்தையும் பார்க்க வேண்டும்: பெருக்கின்போது ஆற்றுநீர் வடியாது. வெளியேறச் சொன்னால் சோபாவைத் தூக்கிக்கொண்டிருக்காதீர்கள். அவசரத்துக்கு 999.