ஒரகடத்திற்கு ஓடந்துறை தரும் பாடம்

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் ஏரிப்பாசன நிலமாக இருந்து, ஒரு தலைமுறைக்குள் தொழிற்பேட்டையாக மாறியதை நாம் அறிவோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி திறக்கப்பட்டது. ஆலை பெருகினால் மக்கள் பெருகுவர். மக்கள் பெருகினால் குடிநீர் இறைக்கவும் தெருவிளக்கு எரியவும் மின்தேவை மிகும். தன் எல்லைக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு அச்செலவைச் சுமக்க வேண்டியது சிற்றூராட்சியே. இச்சுமையைக் குறைக்க வழி உண்டா என்பதே நம் வினா.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி இதற்கு விடை கண்டது. 1996 முதல் 2006 வரை அங்குத் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். அவர் காலத்தில், 2003இல், மரக்கழிவிலிருந்து எரிவாயு உண்டாக்கி மின்சாரம் பெறும் 9 கிலோவாட் கருவி குடிநீர் இறைக்க நிறுவப்பட்டது. பின்னர் 2006இல், ஏறத்தாழ ரூ.1.55 கோடி செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. சேமிப்பு ரூ.40 லட்சம் போக, எஞ்சியது வங்கிக்கடன். ஊரின் ஆண்டுத் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். காற்றாலை தந்ததோ சுமார் 6.75 லட்சம் யூனிட். மிகுதி மின்வாரியத்திற்கு விற்கப்பட்டது; கடனை அடைக்க அவ்வருவாய் உதவியது.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அக்காற்றாலை ஓடந்துறையில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலை அருகே மைவாடியில் உள்ளது. அங்கு விளையும் மின்சாரம் வாரியத்தின் கம்பிகளில் சேர்கிறது. ஊராட்சியின் கணக்கில் வரவாகிறது. ஆகவே, காற்று வளம் இல்லாத ஊரும் காற்றாலைக்கு உரிமையாளராகலாம் என்பது தெளிவு.

ஒரகடம் வட்டாரத்திற்கோ வெயில் வளம் உண்டு. பகலில் சூரிய மின்சாரத்தால் நீரிறைத்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டால், இரவுக்கு வேண்டிய நீரும் சேமிக்கப்பட்டுவிடும். அதற்கென விலையுயர்ந்த மின்கலம் வேண்டுவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் காற்று மிகும். கோடையில் வெயில் மிகும். இரண்டும் ஒன்றற்கொன்று துணையாவன.

ஓடந்துறைக்கு வெற்றி தந்தது கருவி மட்டுமன்று. சேமிப்பும் கணக்கும் பொறுப்பும் ஊராரிடமே இருந்தமையாம். நம் மாணவர்கள் தத்தம் ஊராட்சியின் ஓராண்டு மின்கட்டணத்தைக் கணக்கிட்டுக் கிராம சபையில் பெரியோர் முன் வைப்பார்களாக. தொழில்வளம் ஊரைச் சூழ்ந்தால் மட்டும் போதாது. ஊருக்குள்ளும் ஒளி தர வேண்டும்.