வாக்ஸ் செய்யும் வேதியியல்: காரமடைப் பிள்ளைகளுக்கு ஒரு வேலைவழி

காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் நூல்மில்லில் கோனிங் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பனியன் நூல் கோனில் ஏறும்முன் வாக்ஸ் வில்லையை உரசிக்கொண்டு போகும். அந்த மெல்லிய பூச்சால்தான் திருப்பூர் நிட்டிங் மெஷினில் நூல் அறாமல் ஓடுகிறது. பூச்சு குறைந்தாலும் கூடினாலும் உராய்வு ஏறும். சித்திரை வெயிலில் வில்லை இளகக் கூடாது. மார்கழியில் நூலில் பிடிக்காமல் போகவும் கூடாது. இந்த அளவை அமைப்பது வேதியியல் படித்தவரின் வேலை. பி.எஸ்சி. முடித்துவிட்டு அடுத்த வழி தேடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

முதலில் புரிய வேண்டியது

வில்லையில் பெரும்பாலும் பாரபின்தான். 50 முதல் 70 டிகிரிக்குள் உருகிவிடும். அதே குடும்பத்தில் நீளமான சங்கிலி கொண்டது பாலிஎத்திலீன் வாக்ஸ். இதன் மூலக்கூறு எடை சில நூறிலிருந்து 10,000 வரை. பல வகைகள் 100 டிகிரியைத் தாண்டித்தான் உருகும்.

எத்திலீனிலிருந்து நேரடியாகப் பாலிஎத்திலீன் வாக்ஸைத் தயாரிக்கும்போது இரண்டு பிடிகள் உண்டு. ஹைட்ரஜனைக் கூட்டினால் சங்கிலி சீக்கிரம் முடிந்து எடை குறையும். ப்ரொப்பிலீனோ பியூட்டீனோ சேர்த்தால் கிளைகள் விழும். படிக அடுக்கு கலைந்து உருகுநிலை இறங்கும். சங்கிலிகள் ஒரே நீளத்தை ஒட்டியிருக்க மெட்டலோசீன் வினையூக்கி உதவும். குட்டைச் சங்கிலிகள் மிகுந்தால் வாக்ஸ் பிசுபிசுக்கும்.

எங்கே படிக்கலாம்?

1968இல் தொடங்கிய சென்னை கிண்டியின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு டிப்ளமோவும், அறிவியல் பட்டதாரிகளுக்கு முதுநிலை டிப்ளமோவும் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் இருக்கிறது. ஊர் அருகிலேயே வேண்டுமென்றால் கோவை சி.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங். முதுநிலைக்குப் போக கேட் தேர்வின் எக்ஸ்.ஈ. தாளில் பாலிமர் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம்.

கையில் இருக்க வேண்டிய திறமை

- உருகும் வளைவுக்கு டி.எஸ்.சி. சோதனை, மூலக்கூறு எடைப் பரவலுக்கு ஜி.பி.சி. சோதனை: இரண்டின் வரைபடங்களையும் படிக்கத் தெரிய வேண்டும்.
- உருகிய வாக்ஸின் பாகுத்தன்மை, ஊசி இறங்கும் ஆழம், சொட்டுநிலை: இவற்றைக் கையால் அளந்து பழகுங்கள்.
- வினையூக்கியோடு சேரும் அலுமினியம் ஆல்கைல்களில் பல, காற்றுப் பட்டாலே தீப்பற்றும். பாதுகாப்பு முறைகளை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்.
- மில் சூப்பர்வைசரிடம் எந்த மாதத்தில், எந்த நூலில் தொல்லை என்று கேளுங்கள். அவர் சொல்வதை உருகுநிலை, கடினத்தன்மை என்று எண்ணாக மாற்றி எழுதுங்கள்.

வேலை எங்கே?

நிறமிகளைப் பரப்ப மாஸ்டர்பேட்ச் கம்பெனிகள், வழுக்குப் பொருளாக பி.வி.சி. பைப் ஆலைகள், ஹாட்மெல்ட் பசை, அச்சு மை, துணிகளை மென்மையாக்கும் ரசாயனம் என எல்லா இடத்திலும் வாக்ஸ் தேவை. தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்து, கலவை உருவாக்கத்துக்கு நகர்வது நல்ல பாதை.

நேர்காணலுக்கு மதிப்பெண் பட்டியலோடு ஒரு டி.எஸ்.சி. வரைபடத்தையும் கொண்டு போங்கள். இந்த வாக்ஸ் எந்த மெஷினுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று ஐந்து நிமிடம் விளக்குங்கள். அப்படிப் பேசத் தெரிந்தவரைத்தான் கம்பெனிகள் தேடுகின்றன.